அரைச் சுற்று

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, எங்கும் போகாத ஓர் எஞ்சினை ஸ்பானர் போட்டு அரைச் சுற்று சுற்றிவைக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அமெரிக்காவில் இதற்கும் சம்பளம். பட்டறை முதலாளி கிளென், அறுபதுகளில் வந்த தன் முரட்டுக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு, இன்றைய ஸ்போர்ட்ஸ் காருடையதைப் பொருத்தச் சொன்னார். நான்கு மாதம் என் நகமெல்லாம் கிரீஸ். பழைய எஞ்சினோ ஹீட்டர் போட்ட அறையில், கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. ஓடாமல் கிடந்து இறுகிவிடக் கூடாதாம். எங்கள் ஊரில் என்றால் கிணற்றுக்குக் கொடுத்துவிடுவோம் என்றேன். கிணற்றில் தூக்கிப் போடுவோம் என்று புரிந்துகொண்ட கிளென், அன்று முழுக்க அந்த அறைப் பக்கமே என்னை விடவில்லை.

நான் சொன்னது தண்ணீர் இறைக்க, சித்தையன்கோட்டைக் கிணற்றை நினைத்து. தொண்ணூறுகளில் திண்டுக்கல் வாடகைக் கார்கள் ஒவ்வொன்றாக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. ரயிலடியில் அப்பா ஓட்டிய அம்பாசிடருக்கும் டீசல் எஞ்சினை என் ஷெட்டில் நான்தான் மாட்டினேன். தடதடவென்று மலைக்கோட்டையை ஒரு சுற்று சுற்றிவந்தவர், பழசையே மாட்டிக் கொடு என்றார். அதற்குள் அது அந்தக் கிணற்றடியில் மண்ணெண்ணெய் குடித்து யாருடைய தக்காளிக்கோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். சாகும்வரை அந்தக் காரை “ஒன் வண்டி” என்றுதான் சொன்னார்.

போன மாதம் அண்ணனுக்குப் போன் போட்டு, ஊருக்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன், ஷெட்டைக் கூட்டிப் போடு என்றேன். ஷெட்டில் பிரியாணிக் கடைக்காரர் விறகு அடுக்கியிருக்கிறாராம். என் ஸ்பானர், ஜாக்கி, அத்தனையும் எடைக்குப் போட்டாயிற்றாம். யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கத்தினேன்.

“ஏலே, கத்தாத. அப்பா கேட்டப்ப நீ எஞ்சின எடுத்து வச்சிருந்தியா?”

வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் பொய். எழுதக் கூடாத வார்த்தைகளால் ஏசினேன். போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது, ஆத்திரம் அறவில்லை. அண்ணன்மேல், பிரியாணி விறகின்மேல், இரும்புக்குக் கம்பளி போர்த்தும் இந்த ஊரின்மேல், அன்று சிரித்த என் பல்லின்மேல்.

இந்தத் திங்கட்கிழமை கிளெனிடம் கேட்டேன், இதை என்றைக்காவது திரும்ப மாட்டுவீர்களா என்று. மாட்டப்போவதே இல்லை என்றார். ஆனாலும் இருக்க வேண்டுமாம். அந்தக் காரோடு பிறந்தது.

கம்பளியை விலக்கி ஸ்பானரைப் போட்டேன். அரைச் சுற்று. உள்ளே பிஸ்டன்கள் முனகி ஏறி, இறங்கி, நின்றன. ஒரு கையை ஸ்பானரிலிருந்து எடுக்காமலே, மறு கையால் அண்ணனின் நம்பரை அழுத்தினேன். நான் ஊருக்குப் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். விறகுக்குப் பின்னால் ஒரு மூலையையாவது காலியாக வை என்று சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.