நீலப் பெருக்கல் குறி

மல்பெரிக் கிளையின் மேல் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்து, இடுப்புயரத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறார் தையலக்கா. அடுத்து கொய்யா. அதன் தோளிலும் ஒரு கோடு. "நெஞ்சுக்குள்ள காத்து போகணும். இறுக்கிப் பிடிச்சா எந்தச் சட்டைதான் நல்லா இருக்கும்?" கேட்டது மரத்திடம்தான்.

முன்னறையில் தையல் மெஷின். பின்கதவைத் திறந்தால் காடு. ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் நின்று கொடுக்கிற செடிக்குத்தான் அங்கே இடம். முருங்கை, கொய்யா, அவற்றின் காலடியில் தவசிக்கீரை, அன்னாசி, வேலி முழுக்க பாஷன் பழக் கொடி. வெட்டிய தழையில் ஒரு இலையைக்கூட வெளியே போட விடமாட்டார். "அது மண்ணோட சாப்பாடு, தட்டுலேருந்து எடுக்காதீங்க" என்று அதட்டி, வேரைச் சுற்றிப் பரப்பிவிடுவார். சட்டை வாங்க வருகிறவர்கள் கீரைக்கட்டும் நடுவதற்கு நாலு குச்சியுமாகத் திரும்புவார்கள். சட்டை பெரும்பாலும் அடுத்த வாரம்தான் கிடைக்கும்.

சனிக்கிழமை கோடு, ஞாயிற்றுக்கிழமை வெட்டு. கோடு போடாத துணியில் அவர் கத்தரி வைத்ததில்லை. மரத்துக்கும் அதே சட்டம். பெருக்கல் குறி என்றால் அடியோடு காலி. மூன்று மாதமாக அந்தக் குறி வெண்ணெய்ப்பழ மரத்தின் மேல்தான் விழுகிறது. எட்டு வருடமாக ஒரு பிஞ்சு விடாமல், கொய்யாவுக்கு வரவேண்டிய வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிற மரம். தம்ளர் தண்ணீரில் கொட்டையை முளைக்கவைத்து அதை வளர்த்தவர் அவருடைய கணவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர். ரோட்டில் ஒருத்தருக்கும் வழிவிடாத மனிதர், இந்த மரத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்குவார்.

"இந்த வருஷம் கட்டாயம் பூக்கும்மா."

"போன வருஷமும் இதே பாட்டுதான் பாடினீங்க."

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் குறி இருக்காது. டிரைவரின் துண்டில் ஒரு மூலை நீலமாக இருக்கும். தையலக்கா ஒன்றும் கேட்கமாட்டார். குறி இல்லாத மரத்தை எப்படி வெட்டுவது? முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போடுவார்.

இந்த வாரம் டிரைவருக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் போட்டு மாடியறையில் படுக்கவைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, படி இறங்கக் கூடாது. சனிக்கிழமை வழக்கம்போலத் தையலக்காவின் கை தன் பாட்டுக்குக் குறி போட்டுவிட்டது. ஞாயிறு காலை தையலக்கா ரம்பத்தோடு வந்து பார்த்தால், குறி அப்படியே இருக்கிறது. ஒரு கோடுகூடக் கலையவில்லை. ரம்பத்தைப் பிடித்த கை கீழே இறங்கிவிட்டது.

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா... அந்தக் குறி இருக்கா?"

இத்தனை நாளில் டிரைவர் அதைப் பற்றி வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இல்லீங்க. யாரோ அழிச்சிட்டாங்க" என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார் தையலக்கா. ரம்பத்தைக் கொய்யாவில் சாய்த்துவிட்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மரத்தின் பட்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.