தூக்கம் எப்படி என்று கேட்கப் போனவள்

உளவியல் ஆராய்ச்சி என்பது, ஒருவரிடம் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலை உடனே நம்பிவிடாமல் இருக்கிற தொழில். ராஜபாளையம் நூல் மில்களில் நைட் ஷிப்ட் போகிற பெண்களின் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வு. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ் ஏறினேன். கேள்வித்தாளைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைந்த சக ஆய்வாளர்களே, நீங்கள் படாததை ஒன்றும் நான் படவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஆறுதலாக இருக்கும்.

வெள்ளோட்டம்

கேள்வித்தாளை எல்லோரிடமும் கொண்டுபோகும் முன் சிலரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. என் தாளோ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. ‘அண்மைக் காலத்தில் துயில் கொள்வதில் இடர்ப்பாடு உணர்ந்தீர்களா?’ என்பது முதல் கேள்வி. ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் மரியபுஷ்பம் அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்க்கிறவர். அன்று காலைதான் ஷிப்ட் முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். அர்த்தம் புரியாமல் என்னையே பார்த்தார். தூக்கம் வருகிறதா என்றுதான் கேட்கிறேன் அக்கா என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூக்கமெல்லாம் நல்லா வரும் தாயி. தூங்கத்தான் விடமாட்டாவ.”

தூங்க விடுகிறார்களா என்ற கேள்வியே என் தாளில் இல்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து மொத்தத்தையும் பேச்சுத் தமிழில் மாற்றி எழுதினேன்.

தனியாகப் பேச வேண்டும்

நேர்காணலின்போது பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் இதை எழுதியவர் சுந்தரபாண்டியம் கிராமத்துக்கு வந்திருக்க மாட்டார். முத்துமாரி என்ற பெண்ணிடம் நான் எதைக் கேட்டாலும் அவள் மாமியார் பதில் சொன்னார். தூக்கம்? “அவளுக்கென்ன, அடிச்சுப் போட்டாப்புல தூங்குவா.” கவலை? “இந்த வீட்டுல என்ன கவலை?” முத்துமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது தடவை வேறு வழி பார்த்தேன். “முதல்ல உங்களைக் கேக்கேன்மா” என்று மாமியாரையே உட்கார வைத்து எல்லாக் கேள்வியையும் கேட்டேன். மில்லுக்குப் போகாத அவர் என் ஆய்வுக் கணக்கில் சேரவே மாட்டார். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. மருமகள் நைட் ஷிப்ட் போனால் கைக்குழந்தையோடு விடிய விடிய முழித்திருப்பது தான்தான் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு எழுந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஏட்டி, நீயும் உள்ளதைச் சொல்லு. நான் பிள்ளையத் தூக்கிட்டு கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன்.”

ஒப்பிட ஒரு குழு

நைட் ஷிப்ட் பெண்களோடு ஒப்பிட, பகலில் மட்டும் வேலை பார்க்கிறவர்கள் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் கேட்டேன். முதலாளி சம்மதித்தார். பொட்டலம் போடுகிற ஜெய்த்தூன் அக்கா மட்டும் எதற்கு, என்னத்துக்கு என்று துருவினார். நானும் அப்பாவியாக ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன என்று விளக்கினேன். காலையில் வந்ததிலிருந்து நின்றே வேலை பார்த்த அவருடைய கால் வீங்கியிருந்தது.

“அப்ப நாங்க கஷ்டமே படலேன்னு காட்டத்தான் எங்களைக் கேக்கியளா?”

பெயர் கேட்ட அதிகாரி

ஒரு மில்லில் கேன்டீனுக்குப் பக்கத்து அறையை எனக்கு ஒதுக்கித் தந்திருந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகாது என்று ஒவ்வொரு பெண்ணிடமும் வாக்குக் கொடுத்துத்தான் உட்கார வைத்தேன். வேலை பாதி நடந்திருந்தபோது மில்லின் பணியாளர் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ரொம்பச் சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்களின் பெயர் வேண்டுமாம். “அவங்க நல்லதுக்குத்தாம்மா, லேசான வேலையா மாத்திக் கொடுக்கலாம்” என்றார். நல்லதாகவே இருக்கலாம். வேலையை விட்டே நிறுத்தவும் செய்யலாம். தர முடியாது சார் என்றேன். மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை.

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்தேன். தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டார். கல்லூரிப் பிள்ளைகளின் செல்போன் பழக்கம் என்று வைத்தால் ஹாஸ்டலிலேயே முடிந்துவிடுமாம். சுலபம்தான். ஆனாலும், “இல்ல மேடம், இதையே முடிக்கேன். மில்லு இல்லேன்னா வீடு வீடாப் போறேன்” என்றேன். மேடம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

“சரி. அப்ப முதல்ல நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக்கோ.”

மறுபடியும் முதலிலிருந்து

பெயரைத் தரவில்லை என்பது எனக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத பெண்கள் என்னிடம் வந்து, வீடு எங்கே, எந்நேரம் முழித்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மில்லில் ஏற்கெனவே பதில் சொன்ன செல்வராணி என்பவளும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அங்கே அதே கேள்விகளைக் கேட்டேன். ஒரு பதில்கூட முன்பு சொன்னதுபோல் இல்லை. அப்போது ஒரு குறையும் இல்லை என்றவள், மாத்திரை போடாமல் கண் மூட முடியவில்லை என்றாள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“அன்னைக்கு மில்லுக்குள்ள வச்சுக் கேட்டிய, மில்லுக்குப் பதில் சொன்னேன். இப்ப என் வீட்டுல கேக்கிய, எனக்குப் பதில் சொல்லுதேன்.”

மில் அறையில் வாங்கிய பதில்கள் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்கள் சொன்ன வீடுகளில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். வெயிலும் மழையுமாக நான் அலைந்த அந்த அலைச்சல் முழுவதும் என் ஆய்வேட்டில் ‘தரவுகள் நேரில் திரட்டப்பட்டன’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது.