ஒட்டுப் போட்ட அட்டை

எனக்கு முன்கோபம் உண்டு. சோம்பல் அதைவிட அதிகம். அந்தச் சோம்பல் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

எழுபதுகளில் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். பரீட்சை முடிவுகளைத் தயாரிக்கும் அலுவலகம்; அங்கே ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு ஒரு மெயின்பிரேம் கம்ப்யூட்டர் நின்றது. சாஃப்ட்வேரில் பிழையென்றால் அதை விற்ற கம்பெனிக்காரர்கள் திருத்தத்தைத் தபாலில் அனுப்புவார்கள். அதை அட்டைகளில் துளையிட்டு நாங்கள் இயந்திரத்துக்கு ஊட்டவேண்டும். அதற்கென்று ஒரு முறை கிடையாது. மூன்று பேர் இருந்தோம், மூன்று வழி. ஒன்றையும் எழுதிவைப்பதில்லை; ஊட்டிய அட்டைகளை அன்றைக்கே குப்பையில் கொட்டிவிடுவோம்.

ஒருநாள் ஓர் அட்டையில் தப்பான இடத்தில் துளை விழுந்தது. வேறு ஊர்க்காரன் என்றால் புது அட்டை அடித்திருப்பான். நானோ நெசவாளி வீட்டுப் பிள்ளை. எங்கள் தறியின்மேல் ஓடும் ஜக்கார்டு அட்டையிலும் துளைதான் சேலையின் பூவைத் தீர்மானிக்கிறது. தப்புத் துளையைக் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டு நெய்துகொண்டே போவோம். இங்கேயும் அதையே செய்தேன். அட்டைக் கட்டை இயந்திரத்தில் போடச்சொல்லி ஆபரேட்டர் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மறுநாள் இயந்திரம் எழுந்திருக்கவே இல்லை. அன்றுதான் பரீட்சை முடிவுகளை அச்சடிக்கவேண்டும். பழைய நிலைக்குத் திரும்பலாமென்றால் பிரதி எடுத்துவைத்தவர் யாருமில்லை. கம்பெனி முதலில் கொடுத்த மூல டேப்பிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினோம். அதுவரை போட்ட திருத்தங்கள் எவை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னோம்.

"அட்டையைப் போட்டது யாரு?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்," என்றாள் அவள்.

"வரிசையைக் கலைச்சுப் போட்டிருக்கே. உன்னை நிறுத்தச் சொல்லி நாளைக்கு எழுதப்போறேன்."

அட்டை படிக்கும் கருவியைத் துடைத்தபோது என் காகிதத் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டு உள்ளே உரிந்து விழ, இயந்திரம் தப்புத் துளையைப் படித்திருக்கிறது! சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் தறியில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் சொன்னேன். அவள் குறுக்கே நூலோட்டும் நாடாவை நிறுத்தினாள்.

"நீங்க ஒட்டினதுக்கு அந்தப் பொண்ணு திட்டு வாங்கிக்கினு இருக்குதா? பாவம் ஓரிடம், பழி ஓரிடமா? தறியில ஒட்டு உரிஞ்சா ஒரு பூ போவும். அங்க ஒரு பொண்ணோட பொழப்பு இல்ல போவுது!"

மறுநாள் காலையில் காகிதத் துண்டை மேலாளர் மேஜைமேல் வைத்தேன். வசவு வாங்கினேன்; அவள் வேலை தப்பியது. கையோடு இனி ஒரே வழிதான் என்று பிடிவாதம் பிடித்தேன். எந்தத் திருத்தமானாலும் நாங்கள் எழுதப்போகும் ஒரே புரோகிராம் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அதற்கு முன்னால் போடவேண்டிய திருத்தங்களைப் போட்டாயிற்றா என்று அது பார்க்கும். பழையதைப் பத்திரப்படுத்தும். அட்டை அடித்தது யார், ஊட்டியது யார் என்று அச்சடித்துக் கொடுக்கும்.

"எல்லாம் என் தலையில இருக்குதுப்பா," என்றார் சகா ஒருவர்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா தலையைக் கழட்டி வெச்சிட்டுப் போவீங்களா?" என்று சீறினேன்.

பின்னாளில் கம்பெனியே இதற்கென்று ஒரு கருவியை அனுப்பியது. அது எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் புரோகிராமின் முதல் தாள் அச்சாகி வந்த நாளைத்தான் நான் மறக்கவில்லை. அதுவரை, ஒப்புக்கொண்டு அந்த ஆபரேட்டர் பெண்ணைக் காப்பாற்றியவன் என்ற மிதப்பில் திரிந்தேன். அவள் தாளைக் கிழித்தெடுத்து, என் பெயரையும் தன் பெயரையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டு இருந்ததை அன்னிக்கே பாத்தேன் சார்," என்றாள். "நான் சொன்னா யாரு நம்புவாங்க?"