வாட்ச்சுக்கு வேர்க்கிறது

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லேடீஸ் வாட்ச் இருக்கும். என் மனைவியுடையது. அதன் செயின் என் கைக்கு எட்டாது. எட்டினாலும் இந்த மீசைக்கு அது பொருந்தாது. எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. லாரி உள்ளே வந்தால் பெட்டியின் நம்பர், கதவு சீல் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். குனியும்போதெல்லாம் வாட்ச் விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் பையைப் பொத்திக்கொள்வேன். "இன்னா மாமு, நெஞ்சு வலியா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். வண்டியை எடு என்பேன்.

அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலையில் இருந்தாள். கை முழுநேரமும் ஐஸ் தண்ணீரில்தான். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு உரி என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. சாயங்காலம் ஆனால் நான் ரயில் ஏறியிருப்பேனா, கொருக்குப்பேட்டை தாண்டியிருப்பேனா என்று அதில் பார்ப்பாளாம்.

"பாத்துட்டு இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சிக்குவேன்."

தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விடும். கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்து முள்ளே தெரியாது. "வாட்ச்சுக்கு வேர்க்குதுயா, அதுக்கு நான் இன்னா பண்றது" என்பாள். சோறு வடித்ததும் அடுப்பு மேடையில் சூடு இருக்கும் இடமாகப் பார்த்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். மறுநாள் ஷெட்டுக்குப் போய்வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய தோட்டையும் வாட்ச்சையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் பனி இருந்தது.

புடவைகளை அவளுடைய அக்கா எடுத்துக்கொண்டு போனாள். தலையணை உறையைத் துவைத்தாயிற்று. வீட்டில் அவளுடைய வாசனை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பனி மட்டும் அவள் கை நனைந்த தண்ணீர், அவள் உயிரோடு இருந்தபோது உள்ளே போனது என்று நினைத்தேன். யார்டில் கேபினுக்குள் போனதும் வெளியே எடுத்துப் பார்ப்பேன். இருக்கும். மனசு கொஞ்சம் அடங்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், என்னைப் பைத்தியம் என்றால் எனக்குக் கோபம் வரும்.

பிறகு சின்ன முள்ளின் அடியில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. துரு. அப்படியே விட்டால் வாட்ச் நின்றுவிடும். திறந்து காயவைத்தால் அவளுடைய தண்ணீர் போய்விடும். ராயபுரத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர்க் கடை வாசல் வரைக்கும் போய்ப் பலமுறை திரும்பி வந்தேன். புள்ளி பெரிதாகிக்கொண்டே இருந்தது.

எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு அக்கா கருவாடு காயவைத்து விற்கிறார். என் மனைவி போனபின் எனக்கு அவ்வப்போது குழம்பு கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்போடு வந்தவர், நான் வாட்ச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"தண்ணி பூந்துகீதா? கடையில குடுத்து தொறந்து தொடைக்க சொல்லு நைனா."

"தொறக்கக் கூடாதுக்கா."

"தொறக்க வாணாம். குடு இப்டி. கல்லுப்புல வெச்சா மீனுக்குள்ள கீற தண்ணியே வெளிய வந்துருது. இந்த வாட்ச்சு இன்னா பெருசு."

உப்பாவது, வாட்ச்சில் தண்ணீர் இழுப்பதாவது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். துருவுக்கு ஏதோ செய்த மாதிரியும் இருக்கும், பனியும் போகாது. இதுதான் என் கணக்கு.

மறுநாள் காலையில் அக்கா படியேறி வந்து முந்தானையில் துடைத்து நீட்டினார். "பாரு நைனா, பளிச்சுனு கீது."

சொட்டுப் பனி இல்லை. முள், எண், அந்தப் பழுப்புப் புள்ளி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். யார் உன்னைக் கேட்டது, உன் கருவாட்டுப் புத்தியை என் வீட்டில் ஏன் காட்டினாய் என்று கத்தினேன். "நீதான நைனா குடுத்த" என்றார் அக்கா. கீழே போய்விட்டார். அது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அன்றைக்கு யார்டில் நல்ல வெயில். கண்டெய்னர் தகரம் அனல் கக்கியது. நடந்து நடந்து ஓய்ந்து ஏ.சி. கேபினுக்குள் வந்ததும், பழக்க தோஷம், பையில் கைவிட்டு வாட்ச்சை எடுத்தேன். கண்ணாடிக்குள் பனி. எப்போதும் இருக்கிற அதே இடத்தில், அதே அளவு.

வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அப்புறம் விரல்களைப் பார்த்தேன், ஈரம். பையைத் தொட்டேன், ஈரம். சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்வை.

அடுப்பு மேடையில் அன்றாடம் காய்ந்துபோன பனி, ஒரு வருஷம் எப்படித் தங்கும்? அவள் என் கண்ணெதிரே செய்து காட்டியதுதானே. எனக்குத்தான் உறைக்கவில்லை. அவளுடைய தண்ணீர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரமே போயிருக்கும். அதற்குப் பிறகு நான் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என் வேர்வையை. அவளோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். கேபினில் ஆட்கள் இருந்ததால் அழவும் முடியவில்லை. அவள் செத்துப்போன செய்தியை அப்போதுதான் யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது.

சாயங்காலம் ராயபுரத்தில் இறங்கி நேராக ரிப்பேர்க் கடைக்குப் போனேன். இனித் திறந்தால் என்ன. கடைக்காரர் மூக்கருகே கொண்டுபோய், "இன்னா சார், கருவாட்டு வாசன" என்றார். மூடியைக் கழற்றி, பல்பு சூட்டில் காட்டி, துருவைச் சுரண்டி எடுத்தார். நைந்துபோயிருந்த ரப்பர் வாஷரை மாற்றினார்.

"வூட்ல தண்ணில வேல செய்றாங்களா?"

"எறா ஷெட்டு" என்றேன்.

"அதான் பாத்தேன். புது வாஷர் போட்டுக்கீறேன், இருந்தாலும் கயட்டி வெச்சுட்டு வேல செய்ய சொல்லு சார்."

"சொன்னா கேக்க மாட்டா."

"எல்லா வூட்லயும் அதான்" என்று சிரித்துக்கொண்டே வாட்ச்சைக் கொடுத்தார்.

போகிற வழியில் கீழ்வீட்டு வாசலில் நின்று, "நான் கத்தியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

மேலே வந்து விளக்கைப் போட்டேன். வாட்ச்சை அடுப்பு மேடையில், அவள் வைக்கிற இடத்தில் வைத்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. நான் கொருக்குப்பேட்டை தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னார் கடைக்காரர் என்று அவளிடம் சொன்னேன்.