மச்சான் ராவிய பக்கம்

மரம் வெட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை என்னுடையது. மரம் அறுக்கிற மிஷினுக்கான செயின், அந்தச் செயின் சுற்றி ஓடுகிற இரும்புப் பார், ஸ்பார்க் பிளக், ஆயில் எல்லாம் வைத்திருக்கிறேன். மிஷினைப் போட்டுப் பாடாய்ப் படுத்திவிட்டு, "நீங்க குடுத்த சாமான் சரியில்ல" என்று என்மேல் பாய்கிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். என் கடைக்கு வாடிக்கையாக வருகிற மரக்காரர் மட்டும் அந்த ரகம் இல்லை. அவர் மிஷினை வைத்திருந்த அழகுக்குப் பெண் கொடுக்கலாம் என்று நான் கிண்டல் செய்வேன். பெண் கொடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்களாம்.

அவருக்கு வேலை முடிவது மரம் விழும்போது அல்ல. ஷெட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி, அடைந்த மரத்தூளைப் பிரஷ்ஷால் தள்ளி, ஏர் ஃபில்டரைத் தட்டி ஊதி, ஆயில் வரும் ஓட்டையைக் கம்பியால் குத்தி, தேய்மானம் ஒரே பக்கம் விழாமலிருக்க பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவார். பெட்ரோலில் ஆயில் கலக்கும்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. கடைசியில்தான் செயினின் பற்களை அரத்தால் ராவிக் கூராக்குவார்கள். அதற்கு அவரோடு மச்சானும் வேண்டும், அதாவது மனைவியின் தம்பி.

செயினில் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும். வலது கைக்காரன் ஒருவனே ராவினால் ஒரு வரிசை பதமாக வரும், மற்றது ஏனோதானோ என்று நிற்கும். அப்புறம் மிஷின் நேராக அறுக்காது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். நிதானமாக ராவினால் சமாளிக்கலாம்தான். மரக்காரருக்கு அந்த நிதானம் ஒருநாளும் கைகூடவில்லை. மச்சானுக்கோ இடது கை. ஆகவே இவர் ஒரு வரிசை, மச்சான் மறு வரிசை. "எங்க குடும்பத்துல ஆளுக்கொரு பக்கம்" என்று மச்சான் சிரிப்பான்.

ஒரு பெரிய வீட்டில் கிளை இறக்கும் வேலை. மச்சான் கீழே கயிறு பிடித்திருந்தான். அவன் குரல் கொடுத்த பிறகுதான் மரக்காரர் அறுக்க வேண்டும். அன்றைக்கு அவர் அவசரப்பட்டுவிட்டார். கிளை போய் வீட்டுக்காரரின் கார்மேல் விழுந்தது. வீட்டுக்காரர் குதித்த குதியில் மரக்காரருக்கு வாய் தவறியது. "கயித்த இவன்தாங்க விட்டுட்டான்" என்றார். மச்சான் கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டான். அதன்பிறகு அவனுக்கு மர அறுவை மில்லில் வேலை.

இதையெல்லாம் மரக்காரரே என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பையன்கிட்ட போய் 'தப்பு எம்மேலதான்'னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லணும். சொல்லுவேன்."

சொல்லவில்லை. மிஷின் கோணலாக அறுக்க ஆரம்பித்தது. புது பார் வாங்கினார், புது செயின் வாங்கினார். இவர் கையால் கொஞ்ச நாள் ராவியதும் அதுவும் கோணிக்கொண்டது. கடைசியில் தன் வரிசையை ராவிவிட்டு, செயினைப் பாரோடு சாக்கில் சுற்றி மனைவியிடம் மச்சான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறு வரிசையும் ராவப்பட்டுத் திரும்பி வந்தது. மரக்காரர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கே ஓடி வந்தார்.

"பாருங்க, அனுப்பிட்டான்! மனசு எறங்கிட்டான்!"

"அப்போ இன்னைக்கே போய்ப் பேசிடுங்க."

"இனிமே என்னத்தப் பேச? செயின் போகுது, வருது. அவனுக்குப் புரியாதா?"

அப்படியே வருஷங்கள் போயின. ஏதாவது விசேஷத்தில் எதிர்ப்பட்டால் இவர் வாய் நிறையச் சிரிப்பார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "கூச்சம்" என்பார் மரக்காரர். நானும் அதை நம்பினேன்.

மச்சான் ஒரு மத்தியானம் மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து துக்கம் விசாரிக்கப் போனபோது மரக்காரரையும் அவர் மனைவியையும் என் வண்டியில் அழைத்துப் போனேன். மச்சானின் மனைவி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"எம்மேல கோவம் இருந்தும் கடைசிவரைக்கும் செயின ராவிக் குடுத்தாம்மா. அந்த மனசு யாருக்கு வரும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரு எங்கண்ணா ராவினாரு? மொத தடவயே தொட மாட்டேன்னுட்டாரு. 'மாமா வந்து வாயத் தொறந்து சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்'னாரு. இதோ, இந்த அண்ணிதான் எங்க கொல்லையில ஒக்காந்து ராவிட்டுப் போவாங்க. வாசல்ல சத்தம் கேட்டா, மாமாவான்னு எட்டிப் பாப்பாரு."

மரக்காரரின் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தம்பியைப் போலவே அவளுக்கும் இடது கை. கூடவே வாழ்ந்த மனுஷருக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து மரக்காரரின் மனைவிதான் முதலில் பேசினாள்.

"அவன் எறங்கி வந்துட்டான்னு தெரிஞ்சா, நீங்க தைரியமா போய்ப் பேசுவீங்கன்னு நெனச்சேங்க."

"செயின் திரும்பி வந்ததுமே பேசி முடிச்சாச்சுன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மரக்காரர்.