மஸ்ஜித் தானாவில் வெட்டாமல் கிடந்த கவிதைகள்

எனக்கு வயது ஐம்பத்து மூன்று, ஆங்கில ஆசிரியை. விக்டோரியா காலத்து நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி ஆறு வருடமாகப் பகுதிநேர ஆய்வு செய்து ஓய்ந்துபோயிருக்கிறேன். நாவல்தான் மனிதருக்குச் சோறு போட்டது. அவரோ சாகும்வரை தன்னைக் கவிஞன் என்றே நினைத்துக்கொண்டார். அந்தக் கவிதைகளை யாரும் சீண்டவில்லை, பாவம்.

மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அவர் கையெழுத்திட்டு அனுப்பிய கவிதை நூல் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கையெழுத்து கிடைத்தால் என் கடைசி அத்தியாயம் தேறும். அதை ஒப்படைக்க, நான் கிளம்பிய நாளுக்கு மறுநாள் மாலை ஐந்து மணிவரைதான் நேரம்.

காலை 9.10க்கு என் ஊரான ஆயர் குரோவிலிருந்து கிளம்பினேன். 38 கிலோமீட்டர்தான். வழியில் தங்கா பத்து என்ற ஊர் அருகே லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரமானது.

வீடு மகேஸ்வரி அக்காவுடையது. அவருடைய மாமனார் அந்தத் துரை வீட்டுச் சமையல்காரர். பங்களா காலியானபோது புத்தகத்தை எடுத்து வந்தாராம். அது சாமி மேடையில் சந்தனப் பொட்டோடு இருந்தது.

"எடுத்துப் பாக்கலாமாக்கா?"

"ஐயோ டீச்சர், இன்னிக்கு சரஸ்வதி பூச லா! வெச்ச புக்க நாளைக்கித்தான் தொடணும். படிச்சவங்க, தெரியாதா?"

தெரியாமல் என்ன! என் வீட்டுக் காலண்டரில் நானே வட்டம் போட்டிருந்தேன். ஆய்வு, ஆய்வு என்று அலைந்ததில் சாமியே மறந்துபோச்சு. சுண்டலைத் தின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை மறுபடி அதே 38 கிலோமீட்டர். அக்கா கற்பூரம் காட்டிவிட்டுப் புத்தகத்தைத் தந்தார். முதல் பக்கத்தில் கையெழுத்தும் இல்லை, ஒரு கோடும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மற்ற பக்கங்களைப் பிரிக்கவே முடியவில்லை. அந்தக் காலத்தில் புத்தகத் தாள்கள் மடித்தபடியே வரும்; ஓர மடிப்பை வாங்கியவரேதான் வெட்டிப் படிக்கவேண்டும். துரை ஒரு மடிப்பைக்கூட வெட்டியிருக்கவில்லை.

"பூசையில வெச்சத எடுத்தா நாலு வரியாவது படிக்கணும். எங்களுக்கு இந்த இங்கிலீசு ஓடாது. நீங்க படிங்க லா," என்று அக்கா காய் நறுக்கும் கத்தியைக் கழுவிக் கொடுத்தார்.

வெட்டினேன். சத்தமாகப் படித்தேன். இறந்த மனைவியின் குடையை எடுத்து வெயிலில் காயவைக்கும் ஒருவனைப் பற்றிய கவிதை.

"என்னா சொல்றாரு?"

தமிழில் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு போயி நாலு வருசமாச்சு. அவரு ஹெல்மெட்ட இன்னும் தொடச்சுத் தொடச்சு வெக்கிறேன் டீச்சர்."

கையெழுத்து இல்லாமலே அத்தியாயத்தை 4.40க்கு அனுப்பினேன். தேறுமா, தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் காலண்டரைப் பாருங்கள். இரண்டு நாளைக்கும் பெட்ரோல் இருபத்தைந்து ரிங்கிட். மெல்லிய கத்தி ஒன்று கொண்டுபோங்கள், நிறைய பக்கங்கள் இன்னும் வெட்டாமல் இருக்கின்றன. வருகிறவர் ஒரு கவிதையாவது படித்து, அதைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறார் அக்கா.