பின்னால் நீண்ட கை

மூன்று வருடம் தொடர்ந்து எங்களுக்குக் கிண்ணம் வென்று தந்த உதைபந்தாட்டப் பயிற்சியாளர், நான்காம் வருடம் வாவிக்கு அக்கரையில் உள்ள கழகத்துக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கழகத்தோடு அவர் எங்கள் மைதானத்துக்கு வந்த அன்று, ஆளை நாறடிக்காமல் விடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

கோட்டோரம் நின்றவருக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த மூன்று வருடமும் நான் நின்ற இடம் அதுதான். ஆட்டத்தின்போது அவர் பந்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். தாகம் எடுத்தால் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுப்பேன்.

"சோறு போட்ட ஊர மறந்திட்டீங்களா, சேர்?" என்று கத்தினேன். திட்டும்போதும் 'சேர்' போகவில்லை. அவர் திரும்பவில்லை. எங்கள் கோலுக்குள் பந்து விழுந்தது. "துரோகி" என்றேன். அதற்கும் திரும்பவில்லை.

கை மட்டும் பின்னால் நீண்டது. யோசிக்காமல் என் போத்தலைக் கொடுத்துவிட்டேன்.

குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திருப்பித் தந்தார். "ஐஸ் போட மறக்கல்ல போல" என்றார்.

எனக்கு ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. காலையில் போத்தலில் ஐஸை ஏன் போட்டேன் என்று நினைத்தால், இன்றைக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.